அடுத்த லீட் யாருடையது?

இரவு 8.40. ஒஃபிஸ் வட்ஸ்அப் குழுவில் ஒரு லீட், அதாவது வீடு தேடுகிற ஒருவரின் விசாரிப்பு, விழுகிறது: வெள்ளவத்தை, மூன்று அறை, கடற்பக்கம், ரொறன்ரோ இலக்கம். அந்த நிமிடத்திலேயே மூன்று பேர் “நான் எடுக்கிறன்” என்று போட்டுவிட்டார்கள். யாருடையது முதலாவது என்று அடுத்த அரை மணித்தியாலம் சண்டை. நான்காவது ஆள் அப்போது 100ஆம் இலக்க பஸ்ஸில், காலி வீதி நெரிசலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் காலை பிளேன்டீ குடிக்கும்போது சொன்னார்: “அண்ணை, எனக்குக் கை இல்லாமல் இல்லை. இருக்கை இல்லாததாலதான் அந்த லீட் போனது.”

சிரித்தோம். ஆனால் இரண்டு படுக்கை அறை வீடு ஒன்று விற்றாலே கிடைக்கிற கொமிஷன் சில பேரின் பல மாதச் சம்பளத்துக்குச் சமன். பஸ்ஸில் இருக்கை கிடைப்பதைப் பொறுத்து அது போவதென்றால், சிரித்து முடிக்கிற விஷயம் இல்லை.

நான் வீடு விற்கிறவன் அல்ல. தொடர்மாடி வீடுகள் விற்றும் வாடகைக்கு விட்டும் கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில், வருகிற லீட்டைப் பிரித்துக் கொடுத்துக் கணக்கு வைத்திருப்பது என் வேலை. விற்பனைக்கு ஐந்து பேர். பேஸ்புக் விளம்பரம், இக்மன் விளம்பரத் தளம், போன், நேரே படியேறி வருகிறவர்கள் எல்லாம் சேர்ந்து மாதம் சுமார் 100 லீட். ஒன்றரை வருடத்தில் ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்த்துவிட்டோம். உங்களுடையதும் நாலு பேர், எட்டுப் பேர் உள்ள டீம் என்றால் இந்த ஒப்பீடு உதவலாம். காப்புறுதியோ, சோலரோ, டியூஷன் வகுப்போ, விற்கிற பொருள் எதுவானாலும் சண்டை ஒன்றுதான்.

முந்துகிறவருக்கு

குழுவில் போடுவது, முதலில் கை தூக்குகிறவருக்குக் கொடுப்பது. பெரும்பாலான சின்ன அலுவலகங்கள் இதில்தான் தொடங்குகின்றன, காசு செலவில்லை என்பதால்.

இதற்கு ஒரு உண்மையான பலம் உண்டு: வேகம். இணையத்தில் விசாரிக்கிற ஆள் அடுத்த நிமிடமே இன்னொரு விளம்பரத்தையும் தட்டுகிறார். ஹார்வர்ட் பிஸினஸ் ரிவியூவில் 2011இல் வந்த ஒரு கட்டுரை இதை எண்ணில் காட்டியது. ஒரு மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதற்கு அடுத்த மணித்தியாலத்தில் தொடர்புகொண்டவற்றை விட, முடிவெடுக்கிறவரோடு உருப்படியாகப் பேசக் கிடைத்த வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு. அதே கட்டுரையில், 2,241 அமெரிக்க நிறுவனங்களைத் தனியாகச் சோதித்ததில் 23 வீதமானவை பதிலே போடவில்லை. அங்குள்ள கணக்கு அப்படியே இங்கே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; வீடு வாங்குகிறவர் ஒரு மணித்தியாலத்தில் மனம் மாறமாட்டார். ஆனால் முதலில் பேசினவரோடு ஒட்டிக்கொள்வார், அதை நானே பார்த்திருக்கிறேன்.

கெடுதி வேறிடத்தில். முந்தி எடுப்பது என்றால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் முந்துவார்கள் என்று நினைத்தேன். நடந்தது அதுவல்ல. ரொறன்ரோ இலக்கத்துக்கு மூன்று கை. “பம்பலப்பிட்டியில 60,000க்கு வாடகை வீடு இருக்கா” என்ற லீட்டுக்கு ஒரு கையும் இல்லை. அது குழுவிலேயே கிடந்து, மேலே ஏறி, மறைந்து போகும். வாடகைக்குக் கேட்டவர் மூன்று வருடத்தில் வாங்க வருவார் என்பது யாருக்கும் நினைவில்லை.

இன்னொன்று, வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் ஆறு பேருடைய சொந்த போனில் என்றென்றைக்கும் கிடக்கின்றன. வேலையை விட்டுப் போனவருடைய போனிலும்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இதைப்பற்றி யோசிக்காத அலுவலகங்கள் நிறைய. நாங்களும் யோசிக்கவில்லை, வேறொரு இடத்துக்குப் போன பழைய ஆள் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர்களுக்கே புதுவருட வாழ்த்து அனுப்பும் வரைக்கும்.

மனேஜரின் கை

அடுத்ததாக, மனேஜரே பார்த்துப் பிரிப்பது. அவர் நல்ல மனிதர், அனுபவசாலி. யாருக்கு எது பொருந்தும் என்று எந்தக் கொம்பியூட்டரையும் விட நன்றாகத் தெரியும். இதைப்பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மூன்றாம் வாரத்தில், “அவருக்குத்தானே மனேஜரோட ஒரே ஊர்” என்ற கதை கிளம்பிவிட்டது. உண்மையா இல்லையா என்று பார்க்க எண்ணிக்கையை எடுத்துக் காட்டினேன், சமமாகத்தான் இருந்தது. ஒருவரும் நம்பவில்லை. அதோடு அவர் கூட்டத்தில் இருந்தால், கோயிலுக்குப் போனால், லீட் அவருடைய போனில் காத்துக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் இயந்திரம் பிரிக்கட்டும் என்று முடிவெடுத்தோம். இயந்திரம் கெட்டிக்காரத்தனமானது என்பதற்காக இல்லை. அதற்கு ஊர் இல்லை என்பதற்காக.

குலுக்கலும் முறையும்

தானாகப் பிரிக்கச் சொன்னால் இரண்டு எளிய வழி. ஒன்று, ஒவ்வொரு லீட்டுக்கும் குலுக்கிப் போட்டு ஒரு பெயரை எடுப்பது. மற்றது, பெயர்களை வரிசையாக வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிச் சுற்றிக் கொடுப்பது. ஆங்கிலத்தில் ரவுண்ட் ரொபின் என்பார்கள். நமக்கு அது புதிதில்லை. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளில் இன்றைக்கு யார் இறைப்பது என்பது முறைப்படிதான். ஓட்டோ நிற்கிற இடத்தில் அடுத்த ஹயர் யாருக்கு என்பதும் அப்படித்தான்.

குலுக்கல் நியாயமாகத் தோன்றும், ஏனென்றால் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 லீட்டை ஐந்து பேருக்குக் குலுக்கினால் சராசரி ஆளுக்கு 20. நியம விலகல் 4. அதாவது ஒருவருக்கு 15உம் இன்னொருவருக்கு 25உம் வருவது அதிசயம் இல்லை, சாதாரண மாதம். நீண்ட காலத்தில் சமப்படும் என்று சொல்லலாம். வீட்டு வாடகை நீண்ட காலத்துக்கு ஒருமுறை வருவதில்லையே. முறையில் சுற்றினால் எந்த நேரத்திலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போகாது. இந்த இரண்டில் எதைத் தெரிவது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை: முறை.

ஒரு சின்னக் கண்ணி மட்டும் உண்டு. மாதம் முதலாம் திகதி பட்டியலை மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். 102 லீட் வந்த மாதத்தில் மிச்சம் இரண்டும் முதல் இரண்டு பெயருக்குப் போகும். அடுத்த மாதமும் மிச்சம் வந்தால் அதுவும் அவர்களிடமிருந்தே தொடங்கும். விட்ட இடத்திலிருந்தே தொடரவேண்டும். நாங்கள் அகர வரிசையில் பெயர் போட்டிருந்தோம். “அ”வில் பெயர் தொடங்குகிறவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எண்ணிக்கை சமம், லீட் சமமில்லை

முறை தொடங்கி இரண்டு மாதம் அமைதி. மூன்றாம் மாத முடிவில் எங்கள் டீமிலேயே வயது குறைந்தவர் ஒரு தாளோடு வந்தார். “அண்ணை, உங்கட கணக்குச் சரி. எனக்கும் இருபதுதான் வந்தது. ஆனா அதில பதினொண்டு வாடகைக்குக் கேட்ட ஆக்கள். வெளிநாட்டு லீட் ஒண்டுகூட இல்லை.”

வெள்ளவத்தைச் சந்தையைத் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பிள்ளைகள், இங்கே இருக்கிற பெற்றோருக்காகவோ, விடுமுறைக்கு வந்து தங்கவோ வாங்குகிற வீடுகள்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. நூற்றில் 15 லீட் அப்படி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று வரவேண்டும். ஆனால் எல்லா வகையும் கலந்த ஒரே வரிசையில், எந்த வகை யாருடைய முறையில் வந்து விழும் என்பது கிட்டத்தட்டக் குலுக்கல்தான். இருந்து கணக்குப் போட்டேன்: ஐந்து பேரில் யாராவது ஒருவருக்கு அந்த மாதம் வெளிநாட்டு லீட் ஒன்றுமே வராமல் போகிற நிகழ்தகவு ஏறத்தாழ 17 வீதம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் கையை விரித்துக்கொண்டு நிற்பார், ஷீட்டோ எல்லோருக்கும் சமம் என்று காட்டிக்கொண்டிருக்கும்.

தீர்வு, வகைக்கு ஒரு வரிசை. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் ஒரு வரிசை, உள்ளூரில் வாங்குகிறவர்கள் ஒன்று, வாடகை ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றும். தொடங்குகிற பெயரும் வேறு வேறு. இப்படி வைத்தால் ஒவ்வொரு வகையிலும் வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போகாது.

அப்படியென்றால் இன்னும் பிரிக்கலாமே என்று மனம் ஆசைப்படும். கடற்பக்கம் வேறு, உள்பக்கம் வேறு. இரண்டு அறை வேறு, மூன்று அறை வேறு. வேண்டாம். மூன்று வகையையும் மூன்று மொழியால் பிரித்தால் ஒன்பது வரிசை. 100 லீட் அதில் 11, 11 ஆகச் சிதறும், சில வரிசைகளில் மாதம் நான்குதான் வரும். ஐந்து பேருக்கு நான்கு லீட். சுற்று முடியவே மாதம் போதாது.

மொழியைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கொழும்பில் இதைத் தவிர்க்க முடியாது. எங்களில் மூன்று பேருக்குத் தமிழும் ஆங்கிலமும், அரைகுறைச் சிங்களமும். ஒருவர் முஸ்லிம் நண்பர், மூன்று மொழியிலும் விற்பார். ஒருவர் சிங்களச் சகோதரி, அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும். மொழிப்படி பிரிப்பது வாடிக்கையாளருக்கு நல்லது. ஆனால் மொழிப்படி பிரித்த கணமே வெளிநாட்டு லீட் முழுக்கத் தமிழ் தெரிந்தவர்களுக்குப் போய்விடும், அந்தச் சகோதரிக்கு மிஞ்சுவது உள்ளூர் மட்டும். அவர் வேலையில் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

கூர்ந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஸ்காபரோவிலிருந்து படிவம் நிரப்புகிறவர் பெரும்பாலும் இரண்டாம் தலைமுறை. முதல் இரண்டு அழைப்பும் ஆங்கிலத்தில்தான். தமிழ் தேவைப்படுவது, “அம்மாவோட ஒருக்கா கதைக்கேலுமோ?” என்று அவர் கேட்கிற இடத்தில். அந்த அம்மாதான் முடிவெடுக்கிறவர் என்பது வேறு கதை. ஆகவே சோடி போட்டோம். லீட் அந்தச் சகோதரியின் முறையில் வந்தால் அவருடையதுதான். அம்மாவோடு பேச மற்றவர் ஒருவர் உதவினால் கொமிஷனில் கால் பங்கு உதவினவருக்கு. எதிர்ப்பக்கமும் அப்படியே: சிங்களக் குடும்பம் ஒன்று தமிழ் ஆளின் முறையில் வந்தால் அந்தச் சகோதரி உதவுவார், கால் பங்கு எடுப்பார். ஆறு மாதத்தில் யார் யாருக்குக் கூடக் கொடுத்தார்கள் என்று பார்த்தேன், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அறிவுக்கும் இதே வாதத்தைக் கொண்டுவந்தார்கள். இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குத் தொடர்மாடி வீடு விற்பதில் சட்டம் இருக்கிறது: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி பணம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக உள்ளே வந்திருக்கவேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்த நிபந்தனை இல்லை. “இது தெரிந்தவருக்கு மட்டும் வெளிநாட்டு லீட்” என்றார் எங்களில் மூத்தவர். தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை அரை நாள் ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். சொல்லிக்கொடுக்கக் கூடிய ஒன்றை வைத்து வரிசையைப் பூட்டக்கூடாது.

கெட்டிக்காரருக்குக் கூடவா?

எடை போட்டுச் சுற்றுவது அடுத்த வழி. நன்றாக விற்கிறவருக்கு மூன்று, மற்றவர்களுக்கு இரண்டு, புதியவருக்கு ஒன்று என்ற மாதிரி. முதலாளிமாருக்கு இது பிடிக்கும், கேட்கும்போதே காசுச் சத்தம் வரும்.

மாதம் பல நூறு லீட் வருகிற, மலிவான பொருள் விற்கிற இடத்தில் இது வேலை செய்யலாம். வீட்டுக்குச் சரிவராது. நூற்றுக்கு மூன்று லீட் விற்பனையாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 20 லீட் கையாள்கிற, ஒரு குறையும் இல்லாத ஆள், ஒன்றுமே விற்காமல் மாதத்தை முடிக்கிற நிகழ்தகவு 54 வீதம். பாதிக்கு மேற்பட்ட மாதங்களில் நல்ல ஆளும் பூச்சியம்தான் காட்டுவார். இந்த எண்ணை வைத்து அடுத்த மாத எடையைப் போட்டால் நீங்கள் திறமையை அளக்கவில்லை, அதிர்ஷ்டத்துக்குச் சம்பள உயர்வு கொடுக்கிறீர்கள். கூட லீட் வந்தவர் கூட விற்பார், கூட விற்றதால் இன்னும் கூட லீட் வரும். ஒரு வருடத்தில் ஒருவர் ராசா, நான்கு பேர் வேலை தேடுவார்கள்.

எடை சரியாகிற இடம் ஒன்றுதான்: நேரம். அரை நாள் வேலை செய்கிறவருக்கு அரைப் பங்கு. பிள்ளை பிறந்து திரும்பி வந்தவர் தானாகவே முதல் இரண்டு மாதம் பாதி போதும் என்று கேட்டார், கொடுத்தோம். இது சண்டைக்கு இடமில்லாத எடை, எல்லோரும் மணிக்கூட்டைப் பார்க்கலாம்.

ஷீட்டா, சிஆர்எம்மா

கூகுள் ஷீட்டில் தொடங்குவது தப்பில்லை. வரிசை இலக்கத்தை ஐந்தால் வகுத்து மிச்சத்தைப் பார்த்துப் பெயரை எடுக்கிற ஒரு சூத்திரம் போதும். ஆனால் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை, பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று முழு ஷீட்டையும் வாடிக்கையாளர் பெயர்ப்படி அடுக்கினேன். சூத்திரம் பார்ப்பது வரிசை இலக்கத்தை. வரிசை மாறினதும் சொந்தக்காரர்களும் மாறிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஒரே வீட்டுக்காக ஒரே லண்டன் குடும்பத்தை எங்களில் இரண்டு பேர் அழைத்திருந்தார்கள், இரண்டு விலையோடு. அந்த விற்பனை போனது. பிழை முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு, லீட் வந்த கணத்தில் பெயரை எழுதி நிலைப்படுத்துகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைத் தம்பி ஒருவர் எழுதித் தந்தார். அடுத்தது யார் என்ற எண் ஷீட்டுக்கு வெளியே சேமிக்கப்படுகிறது. இரண்டு படிவம் ஒரே நொடியில் வந்தால் ஒன்று முடியும்வரை மற்றதைக் காக்க வைக்கிற பூட்டும் உண்டு; அது இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆளுக்குப் போகும். எழுதுவிக்கிறீர்கள் என்றால் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அதிலேயே இன்னொரு வேலை: ஒரே ஆள் இக்மனிலும் பேஸ்புக்கிலும் விசாரித்தால் அது இரண்டு லீட் இல்லை, ஒன்று. போன் இலக்கத்தை வைத்துப் பிடிக்கலாம், ஆனால் ஒருவர் 077 என்று தொடங்குவார், இன்னொருவர் 94 போட்டுத் தொடங்குவார், மூன்றாமவர் நடுவில் இடைவெளி விடுவார். இலக்கங்களை மட்டும் எடுத்து, கடைசி ஒன்பதை ஒப்பிட்டால் போதும். பழைய ஆள் என்றால் முறை சுற்றாது, ஏற்கெனவே பேசினவரிடமே போகும். சண்டையில் பாதி இதோடு நின்றது.

வட்ஸ்அப் பிஸினஸ் செயலியில் ஒரே இலக்கத்தை எல்லோரும் பார்க்கலாமே என்பார்கள். சாதாரணக் கணக்கில் ஒரு போனும் அதோடு இணைத்த நான்கு கருவியும்தான். ஐந்து பேரும் நானும் அதற்குள் அடங்கமாட்டோம்.

விலை கொடுத்து சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் விவரத்தை வைத்துப் பின்தொடர உதவுகிற மென்பொருள், வாங்குவதென்றால் தெரிவுகள் உண்டு. ஹப்ஸ்பொட்டில் சுழற்சிக்கு என்றே ஒரு செயல் இருக்கிறது, ஆனால் அது இலவசத் திட்டத்தில் வராது. விற்பனைப் பகுதியின் புரொபஷனல் திட்டத்திலிருந்துதான். சேல்ஸ்போர்ஸில் ஒதுக்கீட்டு விதிகள் பலமானவை, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விதித் தொகுதிதான் இயங்கும். சுழற்சி வேண்டுமென்றால் பலர் அங்கேயும் தானியங்கி இலக்கத்தை வகுத்து மிச்சம் பார்க்கிறார்கள், என் ஷீட்டைப் போலவே. அந்த வழியில் லீவில் நிற்கிறவரை அது தாண்டாது. ஓடூ ஆளுக்கு 30 நாளில் எத்தனை லீட் தாங்கும் என்ற உச்ச அளவை வைத்துப் பிரிக்கிறது. அரைநாள் ஆட்கள் உள்ள டீமுக்கு அந்த யோசனை எனக்குப் பிடித்தது. ஸோஹோவிலும் சுழற்சி ஒதுக்கீடு உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய கம்பனி அது, தமிழ்நாட்டிலிருந்து இயங்குவது. ஆதரவுக்கு அழைத்தால் தமிழில் பேச ஆள் கிடைக்கும் என்று எங்கள் மனேஜர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இவை பெரும்பாலும் ஆள் கணக்கில், மாதக் கணக்கில், டொலரில் வாங்குபவை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதைப் பார்த்த எந்த முதலாளியும் டொலரில் மாதாமாதம் கட்டுகிற எதற்கும் இரண்டு தரம் யோசிப்பார். ஐந்து பேருக்கு, நூறு லீட்டுக்கு, ஷீட்டும் ஸ்கிரிப்டும் போதும் என்பது என் தீர்ப்பு. பத்துப் பேரைத் தாண்டினாலோ, ஒரே லீட்டைப் பல மாதம் பின்தொடர வேண்டியிருந்தாலோ சிஆர்எம் வாங்குங்கள். ஆனால் சுழற்சிக்காக மட்டும் வாங்காதீர்கள். ஷீட்டில் நிற்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பேஸ்புக் படிவத்தில் நிரப்பியவர்களின் விவரத்தை 90 நாளுக்குள் இறக்கிக்கொள்ளவேண்டும், பிறகு கிடைக்காது.

வராதவரின் முறை

பங்குக் கிணற்றில் உங்கள் முறையன்று உங்களுக்குக் காய்ச்சல் என்றால் என்ன நடக்கும்? பக்கத்துக் காணிக்காரர் இறைப்பார், அவருடைய நாளை உங்களுக்குத் தருவார். அந்த ஏற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் எழுதித்தான் வைக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்குப் போகிறவர், போயா தினத்தில் சில் எடுக்கிறவர், வீடு காட்டப் போய் ஐந்தாம் மாடியில் சிக்னல் இல்லாமல் நிற்கிறவர் என்று ஆள் இல்லாத நேரம் நாளாந்தம் வரும். நாங்கள் வைத்த விதி இது. முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் போனால், அந்த நேர லீட் அடுத்தவருக்கு. திரும்பி வந்ததும் அடுத்த லீட் விட்டுப்போனவருக்கு. முழு நாள் லீவு என்றால் கடன் இல்லை, முறை தாண்டும். சொல்லாமல் 20 நிமிடம் அழைக்காமல் விட்டால் லீட் கைமாறும், கடனும் இல்லை. 20 நிமிடம் என்பது பேரம் பேசி வந்த எண். மூத்தவர் ஒரு மணித்தியாலம் கேட்டார், மனேஜர் ஐந்து நிமிடம் என்றார்.

இரவு வேறு விதமாகப் போனது. ரொறன்ரோவில் மத்தியானம் மூன்றரை என்றால் குளிர்காலத்தில் இங்கே அதிகாலை இரண்டு மணி. முறைப்படி தூங்குகிறவருக்கு லீட் போய், 20 நிமிடத்தில் அடுத்த தூங்குகிறவருக்குப் போய், விடியுமுன் ஐந்து பேரையும் சுற்றி வந்துவிட்டது ஒரு தடவை. எல்லோருடைய போனும் அலறியதால் ஐந்து வீடுகளில் ஐந்து சண்டை. இப்போது இரவு ஒன்பதரைக்குப் பிறகு வருவது ஓர் உண்டியலில் சேர்ந்து, காலை ஆறரைக்கு முறைப்படி பிரியும். ஆறரை என்பதற்குக் காரணம் உண்டு: குளிர்காலத்தில் அப்போது அங்கே இரவு எட்டு, சாப்பாடு முடிந்த நேரம். கோடையில் அங்கே ஒன்பது ஆகிவிடும், அதுவும் பரவாயில்லை.

திரும்பக் கொடுப்பதுதான் அதிகம் தில்லுமுல்லு நடக்கிற இடம். போன் வேலை செய்யவில்லை, தெரியாமல் தட்டிவிட்டார், விளம்பரக்காரர். இப்படியான லீட்டுக்குப் பதில் லீட் கொடுப்பது நியாயம். அதை அறிவித்த முதல் மாதமே தொடர்மாடி தேடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று போன் வேலை செய்யாமல் போய்விட்டது. இப்போது நான் ஒருக்கா அழைத்துப் பார்ப்பேன். உண்மையில் கெட்டதென்றால் அதே வகை வரிசையில் ஒன்று திரும்பும். வாடகை லீட்டைத் திருப்பிக் கொடுத்து வெளிநாட்டு லீட் வாங்க முடியாது. அந்த வசனத்தை எழுதினதும் கெட்ட போன்கள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன.

விதிகள் எல்லாம் அரைப் பக்கம். சுவரில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே, அடுத்த மூன்று முறையும் யாருடையது என்று காட்டுகிற ஒரு பழைய டிவி. என்னைக் கேட்டால் மென்பொருளை விட அந்த டிவிதான் சண்டையை நிறுத்தியது. மனேஜரும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது, மாற்றினால் ஐந்து பேரும் காண்பார்கள்.

அடுத்த மாதம் ஆறாவது ஆள் சேருகிறார். தம்பி ஸ்கிரிப்டை மாற்றி, இதுவரை யாருக்குக் குறைவாகக் கொடுபட்டதோ அவருக்கே அடுத்த லீட் என்று எழுதலாம், அது இன்னும் நியாயம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், புதியவரின் கணக்கு பூச்சியம். மற்றவர்களுடையது வருடக் கணக்கில் இருநூறு, இருநூற்றைம்பது. அவர் அவர்களை எட்டிப் பிடிக்கும்வரை இரண்டு மாதத்துக்கு ஒவ்வொரு லீட்டும் அவருக்கே போகும், இன்னும் கடற்பக்கம் எது உள்பக்கம் எது என்று தெரியாத ஆளுக்கு. அதனால் அவருடைய கணக்கை மற்றவர்களின் சராசரியிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் “அ”வில் தொடங்குகிறதாம். பட்டியலில் கடைசியில் போட்டிருக்கிறேன்.